வியர்க்காத உடலும் வேற்றூர் வெயிலும்

சித்திரை மாதத்து நண்பகல். கடைத்தெருவிலிருந்து வீடு திரும்புகிறீர்கள். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. 'அப்பப்பா, என்ன வியர்வை!' என்று சலித்துக்கொண்டே மின்விசிறியின் அடியில் உட்காருகிறீர்கள். ஐந்து நிமிடத்தில் உடல் சற்றுக் குளிர்ந்துவிடுகிறது. அந்த வியர்வையே வராமற்போனால் என்ன ஆகும் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

எண்ணிப் பார்க்க வேண்டிய நிலையில் உள்ள ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மனைவி செவிலியர். கணவர் சில ஆண்டுகளுக்கு முன் இரு சக்கர வாகன விபத்தில் சிக்கியவர். மார்புப் பகுதியின் நான்காம் முள்ளெலும்பு மட்டத்தில் அவருடைய தண்டுவடம் அறுபட்டுவிட்டது. கைகள் நன்றாக இயங்குகின்றன. சக்கர நாற்காலியைத் தாமே உருட்டுவார், கணினியில் வேலை பார்ப்பார். பிள்ளைகள் இருவர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்னிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வடமேற்கே உள்ள ஹார்ஷம் என்னும் சிற்றூரின் பக்கம் மனைவிக்கு வேலை கிடைக்கிறது. சுற்றிலும் கோதுமை வயல்கள். நல்ல காற்று, அமைதி, விசாலமான வீடு. போகலாமா?

உறவினர்கள் வழக்கமாகக் கேட்பவை விமானக் கட்டணம், பள்ளிக்கூடம், சாப்பாடு. நாம் வேறு சிலவற்றைக் கேட்போம்.

முதல் கேள்வியைக் கேட்பது அந்நாட்டு அரசு. ஆஸ்திரேலியாவில் குடியேற விண்ணப்பிக்கும் குடும்பத்தில் ஒவ்வொருவரும் உடல்நலத் தேர்வில் தேற வேண்டும். ஒருவர் தேறாவிட்டால் பொதுவாகக் குடும்பம் முழுவதற்கும் அனுமதி இல்லை. தேர்வின் அளவுகோல் பணம். இவருடைய உடல்நிலைக்கு அரசு செய்யவேண்டிய மருத்துவ, சமூகநலச் செலவு ஒரு வரம்பைத் தாண்டுமா என்று கணக்கிடுவார்கள். 51,000 ஆஸ்திரேலிய டாலராக இருந்த வரம்பு, 2024 ஜூலை 1 முதல் 86,000 ஆக உயர்த்தப்பட்டது. கணக்கிடும் முறை வியப்பானது. 'இதே உடல்நிலை உடைய ஒரு கற்பனை மனிதர்' என்று வைத்துக்கொண்டே செலவைப் போடுகிறார்கள். உண்மையான மனிதர் சம்பாதிப்பவரா, உதவிகளைக் கேட்கப்போகிறாரா என்பது அந்தக் கணக்கில் வராது. சிலவகை விசாக்களில் மட்டும் விலக்குக் கோர இடமுண்டு. குடும்பம் அந்நாட்டுக்குத் தரும் பயன் அப்போதுதான் பேச்சுக்கு வரும். ஆகவே எந்த விசா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஹார்ஷம் ஊரின் பெயரை நான் காரணத்தோடுதான் எடுத்துக்கொண்டேன். ஜெர்மனியிலிருந்து வந்து அங்கே பணிபுரிந்த ஒரு மருத்துவரின் குடும்பத்துக்கு 2008இல் நிரந்தர வசிப்புரிமை மறுக்கப்பட்டது. அவருடைய மகனுக்கு டவுன் நோய்க்குறி இருந்ததே காரணம். மருத்துவர் கிடைக்காத நாட்டுப்புறம் அது. ஊர் மக்கள் குரல் எழுப்பினார்கள். அமைச்சர் தலையிட்டு, அதே ஆண்டிலேயே அனுமதி வழங்கினார். பின்னர் நாடாளுமன்றக் குழு ஒன்று இவ்விதிகளை ஆராய்ந்து 2010இல் அறிக்கை அளித்தது. எனினும் அடிப்படை மாறவில்லை. 1992ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் பாகுபாட்டுத் தடுப்புச் சட்டமே குடியேற்ற விதிகளுக்குத் தன் 52ஆம் பிரிவில் விலக்கு அளித்திருக்கிறது! ஒரு மனிதரைச் செலவுப் பட்டியலாக மட்டும் பார்ப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் விதி இதுதான் என்று அறிந்துதான் பெட்டியைக் கட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத் திறனாளிகளுக்கு நாற்காலி, உதவியாளர், வீட்டு மாற்றம் ஆகியவற்றுக்குப் பணம் தரும் தேசியக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று அங்கே 2013இல் சட்டமாயிற்று. தற்காலிக விசாவில் இருப்பவருக்கு அது கிடையாது. ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்குப் பொதுவாகப் பத்தாண்டு வசித்திருக்க வேண்டும். முதல் சில ஆண்டுகளுக்கு நாற்காலி பழுதானால் செலவு உங்களுடையது.

இப்போது வெயிலுக்கு வருவோம். நம் நண்பருக்கு உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அது வெளியே தெரியாத ஆபத்து.

ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் நம் உடல் மணிக்கு ஏறத்தாழ 80 கிலோகலோரி வெப்பத்தை உண்டாக்குகிறது. அதை வெளியேற்றியே ஆகவேண்டும். காற்று நம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை கவலையில்லை. வெப்பம் தானாகவே காற்றுக்குப் போய்விடும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதைத் தாண்டிச் சூடானால் போக்கு தலைகீழாகிறது. காற்றிலிருந்து வெப்பம் உடலுக்குள் வரத் தொடங்குகிறது. அப்போது எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு கிராம் நீர் ஆவியாக வேண்டுமானால் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். இதுதான் நீங்கள் பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம். மண்பானைத் தண்ணீரைக் குளிர்விப்பதும் இதுவே.

'வியர்த்துக்கொட்டு' என்ற கட்டளை மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியிலிருந்து புறப்படுகிறது. தண்டுவடத்தின் வழியே இறங்கி, மார்பு, இடுப்புப் பகுதிகளில் நரம்புகளாகக் கிளைத்துத் தோலை அடைகிறது. தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கவும் சுருக்கவும் சொல்லும் செய்திகளும் அதே பாதையில்தான் செல்கின்றன. நம் நண்பரின் பாதை நான்காம் மார்பு முள்ளெலும்பில் அறுந்துவிட்டது. முகத்திலும் கழுத்திலும் சற்று வியர்க்கும். மார்புக்குக் கீழே ஒரு துளியும் வராது. கால் நடக்கவில்லை என்பதை ஊரே பார்க்கிறது. தோல் வியர்க்கவில்லை என்பதை யார் பார்க்கிறார்கள்?

கோவில்பட்டியிலும் வெயில் உண்டே, அங்கே சமாளித்தவர் இங்கே சமாளிக்கமாட்டாரா என்று கேட்பீர்கள். ஹார்ஷம் பக்கம் கோடைக்காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. மார்கழிக் குளிரில் இங்கே விமானம் ஏறுபவர் அங்கே நடுக்கோடையில் இறங்குவார். புழுக்கமில்லாத வறண்ட வெயில் அது. நம்மூர்க் கடற்கரைப் பட்டினங்களில் வியர்வை வழிகிறதே தவிரக் காய்வதில்லை. ஆகவே வியர்க்கும் உடலுக்கும் அங்கே திணறல்தான். வறண்ட ஊரிலோ ஈரம் உடனே ஆவியாகிறது. வியர்க்காதவருக்கு இதில் ஒரு வழி திறக்கிறது. வியர்வையைத் தோல் தராவிட்டால் நாம் தரலாம்!

சலவைக்காரர் துணிக்குத் தெளிப்பதுபோல, தெளிப்பான் புட்டியால் கை, மார்பு, கால்களில் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை லிட்டர் நீர் முழுவதும் தோலிலிருந்தே ஆவியானால் 290 கிலோகலோரி போய்விடும். சும்மா இருக்கும் உடல் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் உண்டாக்கும் வெப்பம் அது. வெளியிலிருந்து வரும் வெப்பம் தனி. இங்கே ஒரு நுட்பம் உண்டு. உலர்ந்த தோலின்மேல் 42 டிகிரிக் காற்றை வீசும் மின்விசிறி அவரைக் குளிர்விக்காது, சூடேற்றும். ஈரத் தோலின்மேல் வீசும் அதே மின்விசிறி உயிர் காக்கும். விசிறியைப் போடுமுன் தெளிப்பானை எடுக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

குளிர்சாதனக் கருவி இருந்தால் போதாதா? மின்சாரம் இருக்கும்வரை போதும். கடும் வெயில் நாளில்தான் மின்சாரம் தடைப்படுகிறது. அந்நாளில்தான் காட்டுத்தீயும் வருகிறது. 2009 ஜனவரி இறுதியில் விக்டோரியாவை வாட்டிய வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 374 பேர் கூடுதலாக இறந்தனர். அடுத்த வாரமே, பிப்ரவரி 7 அன்று, காட்டுத்தீயில் 173 பேர் மாண்டனர். இன்று அங்கே தீ அபாயத்தை நான்கு படிகளாக அறிவிக்கிறார்கள். மிக உயர்ந்த படி அறிவிக்கப்பட்டால், தீ தென்படுமுன்பே ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். நாற்காலியிலிருந்து காருக்கு மாறவே கால் மணி நேரம் ஆகும் குடும்பம், அதற்கும் ஒரு படி கீழே இருக்கும்போதே புறப்படத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. (காரைக் கையாலேயே ஓட்டும் அமைப்புகள் அங்கே உண்டு. சாலையில் இடப்பக்கம் செல்வதும் நம்மைப் போலத்தான். மின்னழுத்தமும் இங்குள்ள 230 வோல்ட்தான், செருகிதான் வேறு.)

குளிர்காலத்தில் இதே குறை மறுபக்கம் திரும்பும். உறைநிலையை நெருங்கும் இரவுகளில் மார்புக்குக் கீழே உடல் நடுங்காது; நடுக்கம்தான் வெப்பம் உண்டாக்கும் வழி. கணப்பு அடுப்பின் அருகே காலை நீட்டினால் சுடுவதும் தெரியாது. கொப்புளத்தைப் பிறகு பிள்ளைகள்தான் கண்டுபிடிப்பார்கள்.

இனி நிலம். ஹார்ஷத்தைச் சூழ்ந்த விம்மெரா சமவெளியின் சாம்பல்நிறக் களிமண், நம் கரிசலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் களிமண் படலங்களுக்கிடையே நீர் புகுந்து ஊதிக்கொள்ளும். கரிசல் காட்டில் மழைக்குப்பின் மிதிவண்டி தள்ளியவர்களுக்கு அந்தச் சேற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சக்கர நாற்காலியின் முன் சக்கரங்கள் சிறியவை. அவை புதைந்தால் நாற்காலி நின்றுவிடும். ஆள் முன்னால் விழுவார். முன்புறம் பெரிய மூன்றாம் சக்கரம் ஒன்றைப் பொருத்தி, சிறு சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிடும் இணைப்பு கிடைக்கிறது. சரளைப் பாதைக்கு அது மிக உதவும்.

வீட்டு வாசலின் சாய்தளத்துக்கு அந்நாட்டுத் தரவிதி 14க்கு 1 என்ற சரிவை வரம்பாக வைக்கிறது. அதாவது ஒரு சாண் ஏற 14 சாண் நீளம். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 100 கிலோ என்றால், அச்சரிவில் 7 கிலோ எடையை இழுப்பதற்குச் சமமான வலு வேண்டும். இடம் போதவில்லை என்று 6க்கு 1 ஆக வைத்துவிட்டால் 16 கிலோ. மார்புத் தசைக்குக் கீழே பிடிமானம் இல்லாதவர் பின்பக்கம் கவிழ்ந்துவிடுவார். மண்ணே ஏறி இறங்கும் ஊரில் சாய்தளமும் வீடும் தனித்தனியே அசையும். இணைப்பில் இரண்டு சென்டிமீட்டர் படி உண்டானாலே சிறு சக்கரம் தட்டி நிற்கும். ஆண்டுதோறும் பார்த்துச் சரிசெய்யத்தான் வேண்டும்.

அடுத்து, தூரம். மாநிலத்தின் தண்டுவடச் சிகிச்சை மையம் மெல்போர்ன் ஆஸ்டின் மருத்துவமனையில் இருக்கிறது. 300 கிலோமீட்டர். தொலைவை வெல்வதில் அந்நாட்டுக்குப் பழைய அனுபவம் உண்டு. 1928இலேயே விமானத்தில் மருத்துவரை அனுப்பியவர்கள் அவர்கள். மறு ஆண்டே மிதித்து இயக்கும் வானொலிக் கருவியைத் தனித்த பண்ணைகளுக்குத் தந்தார்கள். இன்று காணொளியில் நிபுணரைப் பார்க்கலாம். ஆனால் படுக்கைப்புண்ணைக் காணொளியால் ஆற்ற முடியாது. உட்கார்ந்த எலும்பின் அழுத்தத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, தசை பட்டினி கிடந்து அழுகுவதே அப்புண். நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்ற ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தொடங்கிய பிரிவில், நோயாளிகளை இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார். பெருமளவில் இறந்துகொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். சென்னையிலிருந்து போகும் நீண்ட விமானப் பயணத்திலேயே இந்தப் பாடம் தொடங்கிவிடும். சொந்த மெத்தையை இருக்கையில் போட்டு, அடிக்கடி கைகளை ஊன்றி உடலைத் தூக்கவேண்டும்.

கடைசியாக, சிற்றூர் மருத்துவமனைகள் அரிதாகவே பார்க்கும் ஓர் அவசர நிலை. ஆறாம் மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு வருவது இது. சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டது, அல்லது சிறுநீர்க்குழாய் மடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலி மூளைக்குத் தெரியாது. ஆனால் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி கலவரப்பட்டு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மேலிருந்து 'நிறுத்து' என்று சொல்ல வழியில்லை. இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். தலை வெடிப்பதுபோல் வலிக்கும், முகம் சிவக்கும். வழக்கமாக 100 இருக்கும் அவருக்கு 140 என்பது ஆபத்து. அவரை அறியாத மருத்துவர் '140தானே' என்று காத்திருக்கச் சொல்லக்கூடும். வலிப்போ மூளை இரத்தக்கசிவோ வர நேரமாகாது. அவருடைய இயல்பான அழுத்தம் எவ்வளவு என்று எழுதிய அட்டை சட்டைப்பையில் எப்போதும் இருக்கவேண்டும்.

மனைவி இரவுப் பணிக்குப் போயிருக்கும் வீட்டில் இது நேரலாம். அடுத்த வீடு இரண்டு கிலோமீட்டர் தள்ளி. செய்யவேண்டியது கடினமானதல்ல. படுத்திருப்பவரை உடனே நிமிர்த்தி உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிட வேண்டும். இறுக்கமான உடையைத் தளர்த்த வேண்டும். குழாய் எங்கே மடிந்திருக்கிறது என்று நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்து நீட்டிவிட வேண்டும். தணியாவிட்டால் 000 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பத்து வயது மகளால் இதைச் செய்ய முடியும். புறப்படுமுன் இங்கேயே, பழகிய வீட்டில், பகல் வெளிச்சத்தில், அப்பாவை வைத்துக்கொண்டே அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.