முருங்கைத் தேனில் முருங்கை இருக்கிறதா?

தேன் அசலா என்று பார்க்கத் தண்ணீரில் விடுவார்கள், தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவார்கள், தாளில் சொட்டு வைப்பார்கள். எதையும் நம்ப வேண்டாம். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் தண்ணீருக்கு அடியில் போய்த்தான் உட்காரும். கொசுத்தேனோ இயல்பிலேயே நீர்த்தது. இந்தச் சோதனைகளில் அசலே கலப்படமாகத் தெரியும்.

‘முருங்கை’, ‘நாவல்’, ‘மலைக்காட்டுத் தேன்’ என்று லேபிள் ஒட்டிக் கூடுதல் விலை வாங்குகிறார்களே, அது உண்மையா என்பதற்கான சாட்சி பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. தேனோடு மகரந்தத்தையும் தேனீ கூட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தேனைத் தண்ணீரில் கரைத்து, இயந்திரத்தில் சுழற்றி, அடியில் படிவதை நுண்ணோக்கியில் வைத்தால் முள், துளை, வலைப்பின்னல் என்று மகரந்தங்கள் செடிக்குச் செடி வேறு வடிவில் தெரியும். நம் நாட்டு உணவுத் தரவிதிப்படி, ஒரே பூவின் பெயரில் விற்கும் தேனில் மொத்த மகரந்தத்தில் 45 சதவீதமாவது அந்தச் செடியுடையதாக இருக்க வேண்டும். ‘நீலகிரிக் காட்டுத் தேன்’ என்ற பாட்டிலில் கடுகு மகரந்தம் குவிந்திருந்தால், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசக் கடுகு வயல் பக்கத்துச் சரக்கோ என்று சந்தேகப்படலாம்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதினால் நல்ல விவசாயியும் அடிபடுவார். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேனீக்கள் பெரும்பாலும் பூவைத் தேடுவதில்லை; இளந்தளிர்க் காம்பில் ஊறும் இனிப்பைத்தான் எடுக்கின்றன. பூவைத் தொடாத தேனில் ரப்பர் மகரந்தத்தைத் தேடி என்ன பயன்?

மகரந்தம் இருப்பதாலேயே பாகு இல்லை என்றும் ஆகிவிடாது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்தது. உள்நாட்டுச் சோதனைகளில் பெரும்பாலும் தேறியவற்றை ஜெர்மனிக்கு அனுப்பி, பாகுக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் என்எம்ஆர் சோதனையும் செய்தபோது, மொத்தத்தில் 10 பிராண்டுகள் தோற்றன. இன்னொரு தந்திரமும் உண்டு: மிக நுண்ணிய வடிகட்டியில் செலுத்தி மகரந்தத்தையே நீக்கிவிடுவது. பிறகு அந்தத் தேன் எந்த ஊர்ச் சரக்கென்று சொல்ல ஆளில்லை.

எந்த மகரந்தம் எந்தச் செடியுடையது என்று சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரித் தொகுப்பு வேண்டும். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைத் தாவரங்களுக்கு அப்படி ஒன்று இருக்கிறது. அந்தத் தொகுப்பு தேனுக்கு மட்டுமல்ல, பழைய காடுகளை அறியவும் உதவும். மகரந்தத்தின் மேலோடு எளிதில் மட்காது. அதனால் நீலகிரிச் சதுப்புகளின் அடிச்சேற்றில் 20,000 ஆண்டுகளுக்கும் முந்தைய மகரந்தமும் கிடைக்கிறது. அது சொல்வது: தட்பவெப்பம் மாறமாறச் சோலையும் புல்வெளியும் ஒன்றையொன்று தள்ளி வந்திருக்கின்றன. அந்தப் புல்வெளி, மனிதன் காட்டை வெட்டியதால் மட்டும் உண்டான தரிசு அல்ல. தரிசென்று நினைத்துச் சீகையையும் கற்பூர மரத்தையும் நட்டதன் விளைவை மலை இன்னும் அனுபவிக்கிறது. உங்கள் பகுதிப் புல்வெளியில் யாராவது மரம் நட வந்தால், அங்கே முன்பு என்ன வளர்ந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள்.

தேனுக்குத் திரும்புவோம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எவ்வளவு சுத்தமான தேனும் கூடாது; சேனை வைப்பதற்கும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். இதை மகரந்தச் சோதனை காட்டாது.

சந்தேகம் வந்தால் உங்களுக்கு ஓர் உரிமை உண்டு, பலருக்குத் தெரியாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். சோதிக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள். பில் வாங்குங்கள், சீலை உடைக்காதீர்கள். மகரந்தச் சோதனைக்குப் பகுப்பாய்வாளரிடம் வசதி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்து, அந்தச் சோதனையையும் எழுத்தில் கேளுங்கள். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அறிக்கை நடவடிக்கைக்காக உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலருக்குப் போகும். தரக்குறைவுக்கு 5 லட்சம், பொய் லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

அந்த அபராதம் உங்கள் பைக்கு வராது. இழப்பீடு வேண்டுமென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்குங்கள். அதில் முடியாவிட்டால், 2 ஆண்டுகளுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கடை வெளியூரில் இருந்தாலும் சரி. ஒரு பாட்டில் தேனுக்கான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.