வெளிக்கூட்டை வரைந்தவன்

வின்சென்சோ நட்டாலி இயக்கிய 'க்யூப்' (1997) என்ற கனடியப் படத்தை நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு அறையில் உட்கார்ந்து பார்த்தோம். படம் முடிந்ததும் தொழிற்சங்கத்தில் வேலை செய்கிற தோழர் ஒருவர் எரிச்சலோடு கேட்டார்: "எல்லாம் சரி, இதைக் கட்டினவன் யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லலியே, இது என்னய்யா படம்?" அவருடைய எரிச்சல் நியாயமானது. எதிரி யார் என்று தெரியாமல் எந்தப் போராட்டத்தைத் தொடங்குவது? ஆனால் படம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நமக்குப் பழக்கமான பதிலாக அது இல்லை, அவ்வளவுதான்.

கதை எளிமையானது. முன்பின் தெரியாத சிலர் கண்விழித்துப் பார்த்தால் ஒரு கனசதுர அறை. ஆறு பக்கமும் ஆறு சதுரக் கதவு. எதைத் திறந்தாலும் அதே மாதிரி இன்னொரு அறை, நிறம் மட்டும் வேறு. சில அறைகள் சும்மா இருக்கும், சில கொல்லும். கம்பிவலை பாய்ந்து ஆளைத் துண்டு போடும், முகத்தில் அமிலம் பீய்ச்சும். க்வென்டின் போலீஸ்காரன். ஹாலோவே டாக்டரம்மா. லெவன் கணக்குப் படிக்கிற பெண். ரென் சிறை உடைத்துத் தப்பிப்பதில் பேர்போன கிழவன். வொர்த் ஆபீஸ் உத்தியோகஸ்தன். கசான் ஆட்டிசம் உள்ளவன். இவையெல்லாம் சிறைச்சாலைகளை ஒட்டி வைத்த பெயர்கள். சான் க்வென்டின் கலிபோர்னியாவில், ஹாலோவே 2016 வரை லண்டனில் இருந்தது. லெவனையும் வொர்த்தையும் சேர்த்தால் கான்சாஸ் மாநிலத்து லெவன்வொர்த். மூன்றரை லட்சம் கனடிய டாலர் சுமாருக்கு, முழுசாகக் கட்டிய ஒரே ஒரு அறையில், நிறத்தகடுகளை மாற்றி மாற்றிப் போட்டு எடுத்திருக்கிறார்கள். கையில் காசில்லாமல் பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இந்தப் படம் பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை.

ஒவ்வொரு கதவு வழியிலும் மூன்று மூன்றிலக்க எண்கள் பொறித்திருக்கின்றன. அதில் ஒன்று பகா எண்ணாக இருந்தால் அந்த அறையில் பொறி உண்டு என்று லெவன் கண்டுபிடிக்கிறாள். கொஞ்ச தூரம் அது பலிக்கிறது, அப்புறம் காலை வாருகிறது. பின்னால்தான் தெரிகிறது, ஒரே பகா எண்ணின் அடுக்காக இருந்தாலும் பொறிதான் என்று. இதற்கிடையில் அந்த எண்களே ஒவ்வொரு அறையின் இருப்பிடத்தையும் குறிக்கின்றன என்பது பிடிபடுகிறது. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் 26 அறை, ஆக மொத்தம் 17,576 அறைகள். அவை நிற்பதும் இல்லை, இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. இந்த வகைப் படங்களின் கவர்ச்சியே இங்கேதான். கணக்கு நம்மையும் உள்ளே இழுத்துப் போட்டுவிடுகிறது. எப்படி வெளியே போவது என்று நாமும் சேர்ந்து யோசிக்கிறோம். யோசிக்கிற வேகத்தில், எதற்காக உள்ளே வந்தோம் என்ற கேள்வி கழன்று விழுகிறது. பரீட்சை எழுதுகிறவன் இந்தப் பரீட்சையை யார் வைத்தார், ஏன் வைத்தார் என்று கேட்பதில்லை.

ஹாலோவே கேட்கிறாள். ராணுவம், அரசாங்கம், பெரும் பணக்காரக் கும்பல் என்று அவளுக்கு ஒவ்வொன்றின் மேலும் சந்தேகம். படம் அவளைச் சற்று நக்கலாகத்தான் காட்டுகிறது. அப்போதுதான் வொர்த் வாய் திறக்கிறான். இதன் வெளிக்கூட்டை வரைந்தது நான்தான் என்கிறான். வேலை வந்தது, வரைந்து கொடுத்தான், சம்பளம் வாங்கினான். எதற்கு என்று கேட்கவில்லை. தொலைபேசியில் பேசிய மற்றவர்களும் ஆளுக்கொரு துண்டைச் செய்தவர்கள், முழுசாக அறிந்தவன் எவனும் இல்லை. மேலே யாரும் கிடையாது. கட்டிவிட்டார்கள், கட்டியதைப் பயன்படுத்தாவிட்டால் வீண் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், ஆகவே ஆள் பிடித்துப் போடுகிறார்கள் என்பது அவன் கட்சி.

ஃபூக்கோ 1975இல் பெந்தாமின் பனாப்டிகான் சிறையை எடுத்துக்கொண்டு விளக்கியதை இங்கே வைத்துப் பார்க்கலாம். நடுவில் ஒரு கோபுரம், சுற்றிலும் கொட்டடிகள். கோபுரத்தில் காவலன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இருக்கக்கூடும் என்ற நினைப்பே கைதியை அடக்கி வைக்கும். 'க்யூப்' இதைவிட ஒரு படி தாண்டுகிறது. இங்கே கோபுரமே கிடையாது. பார்ப்பதற்கு யாரும் இல்லாத சிறை. அதிகாரத்துக்கு மையம் இல்லை என்பதை இவ்வளவு பச்சையாகச் சொன்ன வேறு வணிகப் படம் எனக்கு நினைவில்லை.

ஆனாலும் வொர்த் சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. 'மேலே யாரும் இல்லை' என்பதைச் சொல்வது யார்? கூலி வாங்கினவன். அந்த வாசகம் ஒரு தத்துவம் என்பதைவிட அவனுக்கு வசதியான தஞ்சம். யாருமே பொறுப்பில்லை என்றால் அவனும் பொறுப்பில்லை. மையமற்ற அதிகாரம் பற்றி நாமெல்லாம் எழுதிக் குவித்தோமே, அதில் எத்தனை பங்கு வொர்த்தின் குரல் என்று எனக்கு ஒரு சங்கடம் உண்டு. என் தோழரின் கேள்விக்கான பதிலும் இவன்தான். கட்டினவன் வெளியே இல்லை, உள்ளே இவர்களோடு முட்டிபோட்டுத் தவழ்ந்துகொண்டிருக்கிறான். கவனியுங்கள், வொர்த் ஒப்புக்கொள்கிற வரைக்கும் லெவனின் கணக்கு முன்னே நகரவில்லை. வெளிக்கூட்டின் அளவு அவனுக்குத்தான் தெரியும். அதைச் சொன்ன பிறகே எத்தனை அறை, எங்கே விளிம்பு என்று அவளால் கணக்கிட முடிகிறது. புதிர் அவிழத் தொடங்குவது ஒரு வாக்குமூலத்தில்.

படத்தின் குருட்டுப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தலைமை ஏற்று, பிறகு கொலைகாரனாக மாறும் போலீஸ்காரனாக நடித்திருப்பவர் கறுப்பின நடிகர். சீருடை ஒருவனை என்ன செய்யும் என்று சொல்ல வந்த இடத்தில், வெள்ளைப் பார்வையாளனின் பழைய பயத்துக்கும் சேர்த்துத் தீனி போடுகிறது படம். கசானோ முதலில் கணக்குப் போடும் எந்திரம், கடைசியில் வெளிச்சத்துக்குள் நடந்துபோகும் ஒரே அப்பாவி. அவனை மனிதனாக வைத்துப் பார்க்கப் படத்துக்கு நேரமில்லை.

இருந்தும் அந்தக் காலி இடத்தை விட்டுவைத்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 2002இல் வந்த இரண்டாம் பாகம் ஒரு ஆயுதக் கம்பெனியைக் கொண்டுவந்தது. 2004இல் வந்த 'க்யூப் ஜீரோ' கண்காணிப்பு அறையில் ஊழியர்களையே உட்கார வைத்துவிட்டது. கோபுரம் திரும்ப வந்தாயிற்று.

அதே 2004இல் ஜேம்ஸ் வானின் 'சா'. பாழடைந்த குளியலறையில் சங்கிலியால் கட்டிப்போட்ட இரண்டு பேர், நடுவில் ஒரு பிணம். 18 நாளில் எடுத்த படம், உலகம் முழுக்க 10 கோடி டாலருக்கு மேல் வசூல். இதில் உரிமையாளனுக்கு முகம், பெயர், நோய் எல்லாம் உண்டு. ஜான் கிரேமர், புற்றுநோயாளி. உயிரின் அருமை தெரியாதவர்களுக்குப் பாடம் புகட்டுகிறானாம். யாருக்குப் புகட்டுகிறான் என்று பாருங்கள்: போதைக்கு அடிமையான ஒரு பெண், தற்கொலைக்கு முயன்ற ஒரு மனிதன். ஏற்கெனவே நொந்தவன் முதுகில் விழுகிற வாத்தியார் பிரம்பு. பார்க்கிற நமக்கும் ஒரு சௌகரியம், நாம் இவர்களைப் போல இல்லையே என்று.

இந்தத் தொடரில் 2009இல் வந்த ஆறாம் பாகம் மட்டும் தடம் மாறியது. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பற்றிய சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம். பொறியில் மாட்டுகிறவன் காப்பீட்டுக் கம்பெனி நிர்வாகி. யாருக்குச் சிகிச்சைப் பணம், யாருக்கு இல்லை என்று முடிவு செய்ய அவன் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறான். ஒரு காட்சியில் அவனுடைய ஊழியர்கள் ஆறு பேரைச் சுழலும் மேடையில் கட்டியிருக்கிறது. பாலிசிகளில் குறை கண்டுபிடித்துத் தருவது அவர்கள் உத்தியோகம். இரண்டு பேரைத்தான் காப்பாற்றலாம். ஒவ்வொருத்தரும் கெஞ்சுகிறார்கள். ஆறு பேருமே வொர்த்தின் பங்காளிகள். ஆனால் வாக்குமூலத்துக்கு இங்கே இடமில்லை, துப்பாக்கிதான் பேசுகிறது.

ஆடம் ரோபிடெல்லின் 'எஸ்கேப் ரூம்' 2019இல் வந்தபோது உரிமையாளன் கம்பெனியாகிவிட்டான். மினோஸ் என்று பெயர். ஏற்கெனவே விபத்துகளில் தனியாகப் பிழைத்தவர்களை அழைத்து விளையாட விடுகிறது, பணக்காரர்கள் பந்தயம் கட்டுகிறார்கள். வில்லன் தெரிந்துவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

அந்தப் படம் அமெரிக்காவில் வெளியானது ஜனவரி 4. அன்றைக்கே போலந்தின் கோஷலின் நகரில், காசு கொடுத்துப் பூட்டிக்கொண்டு புதிர் விடுவித்து வெளியே வரும் நிஜ விளையாட்டறை ஒன்றில், பிறந்தநாள் கொண்டாட வந்த 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் செத்துப்போனார்கள். சூடேற்றுவதற்கு வைத்திருந்த வாயு உருளையில் கசிவு, தீ, கார்பன் மோனாக்சைடு. தப்பிக்க ஒழுங்கான வழி இல்லை. பந்தயம் கட்டிய பணக்காரன் எவனும் அங்கே இல்லை. பிறகு நாடு முழுக்க இந்த மாதிரி அறைகளை அதிகாரிகள் சோதித்தார்கள், பலவற்றை மூடினார்கள். அவர்கள் விசாரித்தது ரொம்பச் சாதாரணமான விஷயங்களை: வெளியேற வழி எங்கே இருக்கிறது, தீப்பிடித்தால் என்ன ஏற்பாடு, இதற்கெல்லாம் பொறுப்பு யார்.