பொய் சொல்லாது ஏமாற்றும் கலை

"உடைந்த கதவின் தகுதி (3)" என்று ஒரு குறுக்கெழுத்துப் புதிரிலே குறிப்பு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். வாசிப்பவர் மனம் உடனே தச்சுப் பட்டறையை நாடும். உடைந்த கதவுக்குத் தகுதி ஏது? அடுப்பெரிக்கும் தகுதியோ? அடைப்புக்குறியுள் நிற்கும் எண், விடை மூன்றெழுத்துச் சொல் என்பதை உணர்த்துகின்றது. உண்மையில் இங்கே மரமும் இல்லை, ஆணியும் இல்லை. 'கதவு' என்னும் சொல்லை உடைத்து, எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கினால் 'தகவு' வரும். தகவு என்பது தகுதி. விடை குறிப்பினுள்ளேயே கிடந்தது. கதவைக் கண்ட கண் எழுத்தைக் காணவில்லை.

இத்தகைய மறைபொருட் குறிப்புகளை இயற்றுவது இங்கிலாந்திலே ஒரு கலையாக வளர்ந்தது. புதிர் பிறந்த இடம் அமெரிக்கா. லிவர்பூலிற் பிறந்த ஆதர் வின் என்பார் 1913 டிசம்பர் 21 ஆம் திகதி 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையில் முதற் புதிரை வெளியிட்டார். அதன் குறிப்புகள் நேரானவை. சொல்லறிவு இருந்தாற் போதும். 1926 முதல் இலண்டன் 'ஒப்சேவர்' பத்திரிகையில் எட்வேட் போவிஸ் மதர்ஸ் என்பவர் இயற்றிய புதிர்களோ வேறு இனம். அவர் பூண்ட புனைபெயர் 'தோர்க்கமாடா'. ஸ்பானிய தேசத்திலே சமய விசாரணை நடத்தி மக்களை வதைத்தவனின் பெயர்! 1939 இல் அவர் மறைந்தபின் அவ்விடத்துக்கு வந்த டெரிக் சொமர்செட் மக்நட், இன்னொரு விசாரணையாளனின் பெயராகிய 'சிமெனேஸ்' என்பதைச் சூடிக்கொண்டார். இவர் இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்த பாடசாலை ஆசிரியர். (தொழில்முறைப் பாசத்தால் இவரைச் சற்று அதிகமாகவே புகழ்வேன், வாசகர் பொறுத்தருள்க.)

வதைப்பவன் பெயரைச் சூடிய இந்த மனிதரே வாசகரை வதையினின்றும் காத்தவர் என்பதுதான் வேடிக்கை. 1966 இல் வெளியிட்ட நூலிலே அவர் வற்புறுத்திய நீதி இது: குறிப்பிலே விடைக்குரிய பொருள் ஒரு பகுதி, விடையை எழுத்தெழுத்தாய் ஆக்கும் வழி மற்றப் பகுதி, இவ்விரண்டையும் விட வேறெதுவும் இருத்தலாகாது. அவருக்கு முன்னரே, 1949 இல், ரிச்சி என்பார் தமது நூலில் இதே நேர்மையை வேண்டினார். வெளித்தோற்றத்தால் வாசகரைத் திசைதிருப்பலாம். ஆனால் சொற்களை உள்ளபடி எடுத்து நோக்கினால் அவை உண்மையே உரைத்தல் வேண்டும்.

நமது கதவுக்கே திரும்புவோம். 'உடைந்த' என்பதை நீக்கி, 'கதவின் தகுதி' என்று மட்டும் எழுதினால் என்ன? எழுத்துகளைக் குலைக்குமாறு வாசகருக்கு யாரும் கூறவில்லை, அது வஞ்சனை. 'உடைந்த பழங்கதவின் தகுதி' என்றால் 'பழம்' என்பதற்கு அங்கே வேலையில்லை, அதுவும் குற்றமே. ஒரு சொல் குறைந்தால் அநீதி, ஒரு சொல் கூடினாற் குப்பை. இரண்டு விடைகள் சமமாகப் பொருந்த, ஒன்றை மட்டும் சரியென்று கொண்டு பணம் பறித்த அக்காலப் பரிசுப் போட்டிகளை இக்கலையோடு சேர்த்தெண்ணுதல் தகாது. அவை அதிர்ஷ்டச் சீட்டின் உடன்பிறப்புகள்.

இருபத்தாறு எழுத்து உடைய ஆங்கிலத்துக்கே இது இயலும், தமிழுக்கு ஒவ்வாது என்பாருளர். கதவு, தகவு போன்ற இணைகள் நம் மொழியில் அரியன என்பது மெய்தான். உயிர்மெய்கள் எளிதில் இடம்மாறி அமர்வதில்லை. ஆயினும் தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைப் புரட்டியவர் இவ்விளையாட்டைக் கண்டு மருளார். திருப்பி வாசித்தாலும் மாறாத மாலைமாற்று, ஒரு செய்யுளுள் இன்னொன்றை ஒளிக்கும் கரந்துறைச் செய்யுள், பல வினாக்களின் விடைகள் கூடி ஒரு தொடராகும் வினாவுத்தரம் எல்லாம் அங்கே பெயர் பெற்று நிற்கின்றன.

ஒளித்தல் முறைக்கு ஒன்று: "புதிதாக விழித்தோருள் ஒரு புலவர் (2)". 'புதிதாக விழித்தோர்' என்பதனுள்ளே 'கவி' அமர்ந்திருக்கிறார். 'உள்' என்னும் உருபு கூட்டத்தின் நடுவே என்று நடித்து, எழுத்துகளின் நடுவே என்று உண்மை கூறுகின்றது.

கூட்டல் முறைக்கு ஒன்று: "கொடு என்றதும் மான் குளத்திலே மலர்ந்தது (3)". கொடு, 'தா', மான், 'மரை', விடை தாமரை. 'மலர்ந்தது' என்பதை வினைமுற்றாக வாசித்தவர் ஏமாந்தார். வினையாலணையும் பெயராகக் கொண்டவர் வென்றார். இலக்கண வகுப்பிலே கொட்டாவி விடும் மாணவருக்கு இதைவிட நல்ல மருந்தை நான் அறியேன். எனினும் முன்னையதே சிறந்த குறிப்பு. மான் மலர்வது இயற்கையன்று. அங்கே சூது உண்டென்று வாசகர் உடனே விழித்துக்கொள்வார். தொல்காப்பியம் கற்ற மாணவன் ஒருவன், 'தா' ஒப்போன் கூற்று, 'கொடு' உயர்ந்தோன் கூற்று, இரண்டும் ஒன்றாகா என்று வழக்குத் தொடுக்கவும் கூடும். தொடுக்கட்டும். இயற்றியவனைக் கூண்டில் ஏற்றும் உரிமை வாசகனுக்கு உண்டு.

எழுத்தை நீக்கிப் பொருள் மாற்றும் முறையை நம் முன்னோர் அக்கரச்சுதகம் என்றனர். அதற்கு உதாரணமாக ஒன்றை மாணவர்களிடமே விட்டுவிடுகிறேன்: "தலையிழந்த நகரத்தின் கை (3)".