விருப்பமில்லா நேயர்

விதையில்லாத் திராட்சைக்குப் பேர்போன ஓடைப்பட்டியில், பந்தல் கல்தூணில் ரேடியோ தொங்கும் தோட்டங்கள் இன்னும் உண்டு. கவாத்து வெட்டினாலும் மருந்தடித்தாலும் கையும் கண்ணும் வேலையில் மாட்டிக்கொள்ளும். சும்மா இருப்பது காது ஒன்றுதான். கொடைக்கானல் பண்பலை 100.5-ல் வைத்துவிட்டால் பிறகு யாரும் திருப்புவதில்லை. நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் நேயர் விருப்பம் தொடங்கினால் அணைத்துவிடுவேன். எந்த நிலையமாக இருந்தாலும் சரி.

பேர்ப்பட்டியல் நீளுகிறது என்று சிலர் குறைபடுவார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. சொல்லப்போனால் நிகழ்ச்சியில் உயிர் உள்ள பகுதி அதுதான். ஜார்க்கண்டில் ஜும்ரி தலையா என்ற அப்பிரகச் சுரங்க ஊரை நாடே அறிந்தது, அங்கிருந்து பாட்டுக் கேட்டு வந்து குவிந்த கடிதங்களால்தான். நம் பக்கத்துச் சின்ன ஊர்களும் ரேடியோவில் தம் பேர் கேட்டுப் பூரித்தவைதான்.

என் சங்கடம் பாட்டில். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டைத்தானே ஒருவர் கேட்டு எழுதுவார்? ஆக, சுற்றிச் சுற்றி அதே இருபது முப்பது பாட்டு. ரேடியோவை நான் கேட்பது, நான் கேட்காததைத் தருகிறது என்பதற்காக. அடிச்சாம்பல் நோய் பற்றிய வேளாண் பேச்சுக்குப் பின்னால் எதிர்பாராமல் ஒரு நாகசுரம் வரும். பேரே தெரியாத பாடகரின் பழைய பாட்டு வரும். விரும்பியதை விரும்பியபோது கேட்கத்தான் இப்போது செல்போன் இருக்கிறதே.

இப்படி நேயர்களின் ரசனையில் குறை கண்டவர்களில் அதிகாரம் படைத்த ஒருவர் இருந்தார். பி.வி. கேஸ்கர். 1952 முதல் 1962 வரை மத்தியச் செய்தி ஒலிபரப்பு அமைச்சர். சாஸ்திரிய சங்கீதத்தில் ஊறியவர். சினிமாப் பாட்டு காதைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. வந்த வருடமே அகில இந்திய வானொலியில் அதன் நேரத்தைக் குறுக்கினார். படத்தின் பேரைச் சொன்னால் அது விளம்பரம் என்று அதையும் நிறுத்தினார். தயாரிப்பாளர்கள் கோபித்து உரிமத்தைத் திரும்பப் பெற, சினிமாப் பாட்டே மறைந்துபோனது. பதிலுக்குச் சங்கீதத்தின் தேசிய நிகழ்ச்சியைத் தொடங்கினார். நல்ல நிகழ்ச்சி, சந்தேகமில்லை. ஆனால் ஜனம் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிவிட்டது.

இலங்கை வானொலியிடம் அப்போது ஆசியாவிலேயே பலமான சிற்றலைக் கருவிகளில் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப்போரில் நேசநாட்டுப் படைகளுக்காக நிறுவியது. 1952 டிசம்பரில் அமீன் சயானியின் இந்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சி பினாகா கீத்மாலா அங்கிருந்துதான் கிளம்பியது. தமிழுக்கு அறிவிப்பாளர் மயில்வாகனன் இருந்தார், பின்னால் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் வந்தார்கள். கடலுக்கு அப்பால் இருந்தவர்கள் தமிழ்நாட்டு வீடுகளில் உறவுக்காரர்கள் மாதிரி ஆனார்கள். வேறு வழியின்றி 1957 அக்டோபர் 3-ல் டெல்லி விவித பாரதியைத் தொடங்கியது. சினிமாப் பாட்டு வாசல் வழியாகவே திரும்பி வந்தது.

கேஸ்கரின் காதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. தேடாததும் காதில் விழவேண்டும் என்ற ஆசையில் நானும் அவர் பக்கம். ஆனால் அவர் ஆசைப்பட்டதோடு நிற்கவில்லை. ஒன்றை வைக்க மற்றதை எடுத்தார். கொழும்பு இருந்ததால் ஜனம் தப்பித்தது. பிடிக்காததை அணைக்கலாம், அணைக்கும் குமிழ் தன் கைக்கு எட்டுமட்டும்.

எனக்கு அதுகூட எப்போதும் எட்டுவதில்லை. கவாத்துக்கு ஆள் வந்த நாளில் நான் ரேடியோ பக்கம் போனாலே பந்தலுக்குள்ளிருந்து குரல் வரும்: “அண்ணே, அதுல கைய வச்சீகன்னா நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க!” கூலிக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பான காலம். நான் வரப்பில் நின்று முழு நிகழ்ச்சியையும் கேட்பேன்.