உடல் ஓர் அமானிதம்



அல்லாஹ் வழங்கிய உடல் நம்மிடமுள்ள அமானிதம். அதைப் பற்றியும் மறுமையில் வினவப்படுவோம். உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், 'அல்அஃராஃப்' அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் வரம்பு மீறுவதைத் தடுக்கின்றான். வயிற்றில் உணவுக்கு மூன்றில் ஒரு பங்கே போதுமென அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அளவு வகுத்தார்கள் (திர்மிதீ).

எடப்பாடியில் கைத்தறி மிதித்து நெய்த முன்னோர்க்குக் கம்பங்கூழும் ராகிக் களியும் உணவு. இன்று விசைத்தறியும் இருசக்கர வாகனமும் கால்களின் உழைப்பைக் குறைத்துவிட்டன. தட்டில் சோறோ குறையவில்லை. சர்க்கரை நோய் வீடு தேடி வருகிறது.

இது விதியெனச் சோர்ந்துவிடலாகாது. அந்நோயின் வாயிலில் நின்ற 531 பேரைக் கொண்டு சென்னை மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. 3 ஆண்டுகளில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் 100க்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவைச் சீராக்கி, நாளும் அரைமணி நேரம் நடக்க வழிகாட்டப்பட்டோரில் 39 பேரே.

அந்த அரைமணி நேரம் எங்கே? பள்ளிவாசல் 3 நிமிட நடை எனில், ஐவேளை ஜமாஅத்திற்குப் போய்வர 30 நிமிடங்கள்! ஒவ்வோர் எட்டுக்கும் அந்தஸ்து உயர்கிறது என்பது நபிமொழி. வண்டியை வீட்டில் விடுங்கள். தொழுகைக்கு நிதானமாகச் செல்லுங்கள். திரும்புகையில் சற்று விரைந்து நடங்கள். இல்லத்துப் பெண்கள் நடப்பதற்கும் நேரம் ஒதுக்கித் தருவது ஆண்களின் கடமை. மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்த வேண்டாம்.

அமானிதத்தைப் பேணும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.