விளக்கைப் பிரித்தால்

யாங்கோன் நகரின் கிழக்குப் பகுதியில், போட்டாதாங் ஆற்றங்கரையை ஒட்டி, போ அவுங் ஜோ தெருச் சரக்கு முனையம் இருக்கிறது. அங்கே இறங்கும் ஒரு கண்டெய்னரில் ட்யூப் லைட் சாமான்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். வாங்கி விற்கும் கடைக்காரருக்கு எல்லாமே 'லைட் சாமான்'தான். சுங்கத்துறையின் வரி அட்டவணையில் அப்படி இல்லை. குழல் ஒரு இடத்துக்குப் போகும், சோக் இன்னொரு இடத்துக்கு, ஸ்டார்ட்டர் வேறொரு இடத்துக்கு, தகரப் பட்டி மற்றோர் இடத்துக்கு. எல்லாவற்றையும் திருகி மாட்டி, சுவரில் தொங்கவிடத் தயாரான ஒரே விளக்காகக் கொண்டுவந்தால், அத்தனையும் சேர்ந்து ஒரே இடத்துக்குப் போய்விடும்.

ஸ்டார்ட்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் அளவு உருளை. உடைத்தால் உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடிக் குமிழ், அதற்குள் வாயு, இரண்டு உலோகத் துண்டுகள். அவற்றில் ஒன்று, வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. ஸ்விட்ச் போட்டதும் குமிழுக்குள் வாயு ஒளிர்ந்து சூடேறுகிறது; உலோகத் துண்டு வளைந்து மற்றதைத் தொடுகிறது; குழலின் இரு முனைகளிலும் உள்ள இழைகள் வழியே மின்சாரம் ஓடி அவற்றைச் சூடாக்குகிறது. தொட்டதும் குமிழில் ஒளி அடங்கி, துண்டு ஆறி விலகுகிறது. விலகும் அந்தக் கணத்தில் சோக்கில் பிறக்கும் மின்னழுத்தம் குழலைப் பற்றவைக்கிறது. அதன்பின் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டருக்கு வேலையே கிடையாது. ஆக, அது செய்வது சேர்ப்பதும் பிரிப்பதும். சுங்க அட்டவணையும் அப்படியே பார்க்கிறது: ஸ்விட்ச், பிளக், பல்ப் ஹோல்டர் இவற்றோடு 8536 என்ற தலைப்பில் அதை வைக்கிறது. சோக், இரும்புத் தகடுகள் மேல் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். மின்னோட்டம் மிஞ்சிப்போகாமல் கட்டுப்படுத்துவது. அதற்கு டிரான்ஸ்பார்மர்களோடு 8504-ல் இடம். ஒளி தரும் குழலுக்கு 8539. பட்டிக்கு 9405. இயற்பியல் ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து பிரித்ததைப் போலிருக்கிறது.

இந்த எண்கள் மியான்மர் தானாக வைத்துக்கொண்டவை அல்ல. உலகச் சுங்க அமைப்பு உருவாக்கிய எச்.எஸ். என்னும் பொது வகைப்பாட்டு முறை அது. 1983-ல் பிரஸ்ஸல்ஸில் ஒப்பந்தமாகி, 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் இதைப் பின்பற்றுகின்றன. உலக வணிகச் சரக்கில் 98 சதவீதத்துக்கு மேல் இந்த எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. முதல் ஆறு இலக்கங்கள் எல்லோருக்கும் பொது. அதன் பிறகு வரும் இலக்கங்களை அந்தந்த நாடும், ஆசியான் போன்ற கூட்டமைப்பும் தம் தேவைக்கு ஏற்பச் சேர்த்துக்கொள்ளும். சென்னைத் துறைமுகத்திலும் கொழும்பிலும் யாங்கோனிலும் சோக் என்றால் 8504தான். மொழி தெரியாத இரண்டு வியாபாரிகள்கூட இந்த எண்ணை எழுதிக்காட்டிப் பேசிக்கொள்ள முடியும் என்பது எனக்குப் பெரிய வியப்பு.

அதற்கு முன்பு நிலைமை வேறு. எச்.எஸ்.-க்கு முந்திய பிரஸ்ஸல்ஸ் அட்டவணையில் விளக்குகளுக்கென்று ஒரே வீடு இல்லை. எதனால் செய்தது என்பதே முதல் கேள்வியாக இருந்தது. பித்தளை, இரும்பு விளக்கு என்றால் உலோகச் சாமான்களின் அத்தியாயத்தில் 83.07, விளக்குக்கான கண்ணாடி என்றால் கண்ணாடி அத்தியாயத்தில் 70.14. எச்.எஸ். அதைத் திருப்பிப் போட்டது. எந்தப் பொருளால் செய்திருந்தாலும், எண்ணெயில் எரிந்தாலும் மின்சாரத்தில் எரிந்தாலும், விளக்குத் தாங்கி ஒளி பரப்புவதற்கென்று அமைந்தது 9405-க்கு வரட்டும் என்றது. பித்தளைக் குத்துவிளக்கும் கூரையில் தொங்கும் சரவிளக்கும் அப்படித்தான் பக்கத்துப் பக்கத்து உறவாயின.

ஆனாலும் பழைய பழக்கம் முழுதாகப் போகவில்லை. அதனால்தான் அட்டவணையைப் புரட்டும்போது ஒளியின் வரலாறு அடுக்கடுக்காகத் தெரிகிறது. கல்யாண ஊர்வலங்களில் தலையில் சுமந்துபோன பெட்ரோமாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு 9405-ல், மின்சாரம் இல்லாத விளக்குகளுக்கான பிரிவில். அதன் கண்ணாடிச் சிம்னி தனியாக வந்தால், அதே 9405-ல் கண்ணாடிப் பாகங்கள் என்ற வரியில். அதன் மேண்டில் மட்டும் எங்கோ தொலைவில், துணிகளின் நடுவே, 5908-ல் இருக்கிறது. காரணம் இருக்கிறது. மேண்டில் என்பது தோரியம், சிறிதளவு சீரியம் உப்புகளில் தோய்த்த பின்னல் துணி. முதல் முறை கொளுத்தும்போது நூல் எரிந்து போய், உலோக ஆக்சைடுகளின் வலை மட்டும் நிற்கும். பளீரென்று ஒளிர்வது அந்தச் சாம்பல் வலைதான். துறைமுகத்துக்கு வரும் நேரத்தில் அது இன்னும் துணி. சுங்கம் பொருளை, வந்து நிற்கும் நிலையிலேயே பார்க்கும். நாளை அது என்ன ஆகும் என்று பார்ப்பது அரிது. விளக்குத் திரியும் அதே 5908-ல் மேண்டிலுக்குத் துணையாக இருக்கிறது. மெழுகுவர்த்தியோ சோப்புகளோடு 34-ஆம் அத்தியாயத்தில். தீப்பெட்டி, பட்டாசு இருக்கும் 36-ல். டார்ச் லைட் 8513-ல். இந்தியாவின் அட்டவணையில் அரிக்கேன் விளக்குக்கும், சுரங்கத் தொழிலாளரின் காப்பு விளக்குக்கும் இன்றும் தனித்தனி எண் உண்டு.

எல்.இ.டி. வந்தபோது இந்த அடுக்கு ஆட்டம் கண்டது. இழையோ வாயுவோ இல்லாமல் ஒரு சில்லு ஒளிர்ந்தால் அதை எங்கே வைப்பது? 2017 பதிப்பில்தான் எல்.இ.டி. விளக்குக்கு 8539-ல் தனி உட்பிரிவு கிடைத்தது. 2022-ல் அதையும் இரண்டாக்கினார்கள்: எல்.இ.டி. மாட்யூலுக்கு 8539.51, எல்.இ.டி. பல்புக்கு 8539.52. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சில்லுகளின் எண்ணிக்கையோ வெளிச்சமோ வாட்டோ கணக்கில் வரவில்லை. எளிதாக மாட்டிக் கழற்றும்படி, ஹோல்டரோடு மின்தொடர்பு தரும் தலை இருக்கிறதா என்பது மட்டுமே. நம் வீடுகளில் அழுத்தித் திருப்பி மாட்டும் 22 மில்லிமீட்டர் பின் தலையோ, திருகி ஏற்றும் 27 மில்லிமீட்டர் மரைத் தலையோ இருந்தால் பல்பு, இல்லாவிட்டால் மாட்யூல். ஒரு சின்னத் தகர மூடி ஒரு பொருளின் பெயரைத் தீர்மானிக்கிறது. யோசித்துப் பார்த்தால் மிகச் சரியான கேள்வி அது. வீட்டில் இருப்பவர் தானே மாற்றக்கூடியது எது, தொழிற்சாலைக்குப் போக வேண்டியது எது என்பதை அந்தத் தலை சொல்லிவிடுகிறது.

சீரியல் செட் கதை இன்னொரு வகை. கோயில் திருவிழாவுக்கும், தீபாவளிக்கும், அக்டோபர் வாக்கில் வரும் மியான்மரின் தடிஞ்யுத் ஒளித் திருவிழாவுக்கும் சரம் சரமாகத் தொங்கும் அந்த விளக்குகள், எச்.எஸ். ஏட்டில் 'கிறிஸ்துமஸ் மரங்களுக்குப் பயன்படும் வகையைச் சேர்ந்த விளக்குச் சரங்கள்'. எல்.இ.டி.க்கு மட்டுமே ஆனதென்றால் 9405.31. போட்டாதாங் பகோடா வாசலில் தொங்கவிட வாங்கினேன் என்று சொன்னாலும் எண் மாறாது. 'வகையைச் சேர்ந்த' என்ற சொற்களில்தான் சூட்சுமம் இருக்கிறது: வாங்குகிறவர் என்ன செய்வார் என்று கேட்காமல், அந்தச் சரக்கு எந்த ரகம் என்று மட்டும் அது கேட்கிறது. சீனக் காகித விளக்குக் கூடோ அலங்காரப் பொருளாகக் கருதப்பட்டு, பண்டிகைச் சாமான்களின் 9505-க்குப் போய்விடுகிறது.

இவ்வளவு நுணுக்கமும் பணத்தில் போய் முடிகிறது. மியான்மரில் சுங்க வரி பொருளுக்கு ஏற்ப 0 முதல் 40 சதவீதம் வரை இருக்கிறது. அதற்கு மேல் 5 சதவீத வணிக வரி. அதுவும் சுங்க வரியைச் சேர்த்த தொகையின் மேல். கணக்குக்காக மட்டும், துறைமுகம் வந்து சேர்ந்த மதிப்பு 1,00,000 கியாட் என்றும், ஒரு தலைப்பில் வரி 5 சதவீதம், அடுத்ததில் 15 என்றும் கொள்வோம். முதலாவதில் சுங்கம் 5,000, வணிக வரி 5,250, மொத்தம் 10,250. இரண்டாவதில் 15,000-மும் 5,750-மும் சேர்ந்து 20,750. எண் மாறியதும் வரிச்சுமை இரண்டு மடங்கு. பட்டியை மாட்டிக் கொண்டுவருவதா, பிரித்துக் கொண்டுவருவதா என்று கிளியரிங் ஏஜென்ட் யோசிப்பது இதனால்தான். ஆனால் வெறுமனே பிரித்து வைத்தால் தப்பிவிட முடியாது. முழு விளக்கின் பாகங்களும் ஒரே சரக்காக வந்தால், பிரித்திருந்தாலும் அது முழு விளக்கே என்று வகைப்பாட்டின் இரண்டாம் பொது விதி சொல்கிறது.

எண்ணுக்கு அடுத்த கேள்வி, எந்த ஊர்ச் சரக்கு என்பது. இந்தக் கேள்வியை, அன்று ரங்கூன் எனப்பட்ட யாங்கோனைவிடக் கூர்மையாகச் சந்தித்த நகரம் குறைவு. போட்டாதாங்கிலிருந்து ஆற்றைக் கடந்தால் தன்லியின். பழைய பெயர் சிரியம். பர்மா ஆயில் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை ஒன்று அங்கே இருந்தது. இன்றைய மியான்மரான பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1888-ல் இந்திய அரசு வெளிநாட்டு மண்ணெண்ணெய்க்கு இறக்குமதி வரி போட்டது. அமெரிக்க எண்ணெயும் ரஷ்ய எண்ணெயும் அதைக் கட்டின. ரங்கூனிலிருந்து சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ கப்பலேறிய எண்ணெய் உள்நாட்டுச் சரக்கு. அந்த வரி அதற்கு இல்லை. தமிழ்நாட்டுக் கிராமத்துச் சிம்னி விளக்கில் எரிந்த எண்ணெயின் விலைக்குப் பின்னால் இந்த ஒரு வித்தியாசம் இருந்தது. 1937 ஏப்ரல் 1-ல் பர்மா தனியாகப் பிரிந்ததும், அதே ஆற்றங்கரையில் ஏறிய அதே எண்ணெய் சட்டத்தின் முன் அயல்நாட்டுச் சரக்கானது. எண்ணெயில் ஒரு துளிகூட மாறவில்லை, கோடுதான் மாறியது. அடிப்படைச் சட்டம் என்னவோ இரு நாட்டுக்கும் ஒன்றாகவே தொடர்ந்தது: 1878-ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டம். இந்தியா 1962-ல் புதுச் சட்டம் இயற்றி அதைக் கைவிட்டது. பர்மா அதை வைத்துக்கொண்டது.

எந்த ஊர்ச் சரக்கு என்ற அந்தக் கேள்விக்கு இன்று பதில் சொல்வது சான்றிதழ்கள். தாய்லாந்திலோ வியட்நாமிலோ செய்த விளக்கு 'ஃபார்ம் டி'யோடும், சீனத்து விளக்கு 'ஃபார்ம் இ'யோடும் வந்தால், வணிக ஒப்பந்தப்படி குறைந்த வரிக்கோ வரியே இல்லாமைக்கோ உரிமை கோரலாம். சான்றிதழில் எழுதிய எண்ணும் பெட்டியில் இருக்கும் பொருளும் ஒத்துப்போக வேண்டும். ஒரே இலக்கம் பிசகினாலும் சலுகை கைநழுவிப் போகலாம்.

இதெல்லாம் வியாபாரிகளின் கவலை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மியான்மரின் 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இரவில் எதை ஏற்றுகிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டது. மின்சாரம் என்றவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகள்தான். ஐந்தில் ஒரு பங்கு வீடுகள் மெழுகுவர்த்தி என்றன. மற்றவை பேட்டரி, ஜெனரேட்டர், சூரிய ஒளித் தகடு, மண்ணெண்ணெய். சுங்க ஏட்டில் நூற்றாண்டு வரிசையில் படிந்து கிடக்கும் அத்தனை அடுக்கும் ஒரே இரவில், ஒரே நாட்டில் எரிந்துகொண்டிருந்தன. அப்படிப்பட்ட நாட்டில் எந்த விளக்குக்கு எந்த வரி என்பது, பிள்ளைகள் எந்த வெளிச்சத்தில் படிக்கிறார்கள் என்பதோடு நேராகத் தொடர்புடையது.

அதனால் 2022 பதிப்பில் வந்த ஒரு சிறு வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. 9405.41: சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்து, எல்.இ.டி.யில் மட்டும் எரியும் விளக்குகளுக்கு ஆறிலக்க எண். அதுவரை உலகப் பொது ஏட்டில் அவற்றுக்குத் தனி இடம் இல்லை. 2018 பிப்ரவரியில் இந்தியா 9405 விளக்குகளின் அடிப்படைச் சுங்க வரியை 10-லிருந்து 20 சதவீதமாக உயர்த்தியபோது, சூரிய விளக்குகள் நீங்கலாக என்று பெயர் சொல்லித்தான் அவற்றைக் காக்க வேண்டியிருந்தது. பொது எண் இருந்தால் எந்த நாடும் அதற்கு மட்டும் வரியைக் குறைக்கலாம். ஆண்டுக்கு எத்தனை வந்தன என்று எண்ணலாம். பக்கத்து நாட்டோடு ஒப்பிடலாம். எண் இல்லாத பொருளுக்கு இது எதுவுமே எளிதில் நடக்காது.

தீராத முடிச்சும் ஒன்று உண்டு. கிராமங்களுக்குப் போகும் சூரிய ஒளிப் பெட்டியில் தகடு, பேட்டரி, மூன்று பல்புகள், போன் சார்ஜ் செய்யும் வயர் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. தகடு தனியாக வந்தால் 8541, பேட்டரி 8507, பல்பு 8539. ஒரே பெட்டியில் சில்லறை விற்பனைக்கு வரும்போது, இவற்றில் எது அந்தத் தொகுப்புக்கு அடிப்படைக் குணத்தைத் தருகிறது என்று மூன்றாம் விதி கேட்கும். தகடு என்பவருக்கும் நியாயம் உண்டு, பல்பு என்பவருக்கும் உண்டு. இரண்டும் சமமாக நின்றால் விதியே ஒரு வழி சொல்கிறது: போட்டியிடும் தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவதை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது 8541 வெல்லும்; விளக்கென்று வாங்கிய பெட்டி, ஏட்டில் சூரியத் தகடாகப் பதிவாகும்.