படகை இழுக்குமா குடும்பக் கார்?

ஆஸ்திரேலியாவில் லீவு வந்தால், படகை ட்ரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கடலுக்குக் கிளம்பும் குடும்பங்கள் நிறைய. "இந்தக் கார் 2000 கிலோ இழுக்கும்"னு விளம்பரத்தில் போட்டிருந்தால் நம்பி வாங்கிடலாமா? கொஞ்சம் பொறுங்க, ஒரு கணக்கு போடுவோம்.

கார், ட்ரெய்லர், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்த உச்ச எடைக்கு ஜிசிஎம் என்று பேர். அது 4200 கிலோன்னு வைங்க. வெறும் கார் 1900, படகோடு ட்ரெய்லர் 2000. மிச்சம் 300 கிலோதான். தலைக்கு 70 கிலோ வீதம் ஐந்து பேர் ஏறினாலே 350 ஆயிடும்! எடை கூடினால், பிரேக் பிடித்து நிற்கிற தூரமும் கூடும்; குழந்தைகள் உள்ளே இருக்கிற வண்டி.

அதனால்தான் அங்கே 750 கிலோவைத் தாண்டிய ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம்.

அடுத்தது, படகை இறக்கி ஏற்றும் சரிவு. ஈரச் சரிவில் மேலே இழுக்கும்போது எடை பின்சக்கரங்கள் பக்கம் போகும்; முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். முன்சக்கர டிரைவ் கார் அங்கேதான் வழுக்கும். நாலு சக்கர டிரைவ் என்றால் கவலை குறைவு.

ஆக, ஷோரூமில் குதிரைத்திறன் கேட்கிறதுக்கு முன்னாடி ஜிசிஎம் எவ்வளவுன்னு கேளுங்க!